மூன்று பேர் நிற்கும் படம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில், நான் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ரப்பர் கிடங்கின் வெள்ளைக்கார மேனேஜர் தன் ஊருக்குத் திரும்பினார். கொண்டுபோக முடியாத சாமான்களை ஆட்களுக்குக் கொடுத்தார். கணக்கெழுதும் கிராணி சைக்கிளை எடுத்துக்கொண்டார். காவல்காரர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டார். வழக்கம்போல் நான் கடைசியில் நின்றதால் மிஞ்சிக் கிடந்த பெட்டிக் கேமரா என் கைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அப்போது என் மனைவி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டில் இருந்தாள். ஒரு வருடமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவர்கள் போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளை வாசல் கேட்டைத் தாண்டி விடமாட்டார்கள். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண். அடுத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். சின்னவனுக்குப் பேச்சு இன்னும் திருந்தவில்லை.

மலாக்காவிலேயே காஜா பேராங் என்ற இடத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நோய் வந்தது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மா நல்லவர். பூர்வீகம் தமிழ் என்றாலும் மலாய்தான் பேசுவார். பலகாரம் செய்தால் ஒரு தட்டு வேலிக்கட்டையின் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனால், வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கையை ஆட்டுவார். எங்கள் வீட்டில் அவர்கள் வீட்டுத் தட்டுகள் சேர்ந்துகொண்டே போயின.

கேமரா கிடைத்ததைச் சொன்னதும் என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்களப் படம் எடுத்துக் கொண்டாங்க. சட்டை மாத்தி, எண்ணெ தடவி நிக்க வைக்காதீங்க. சாப்பிடுறப்ப, வெளையாடுறப்ப எடுங்க. ஆனா மூணு பேரையும் ஒண்ணா மட்டும் எடுத்துடாதீங்க."

அதை அவள் சொல்ல வேண்டியதே இல்லை. மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் ஊரில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். யார் முகத்தையும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மகள் அரிசி களைவதை எடுத்தேன். பெரியவன் பால் டின்னில் கயிறு கட்டி இழுப்பதை எடுத்தேன். இருவரும் ஒரே தட்டில் சோறு தின்பதை எடுத்தேன். சின்னவனை இருவரில் ஒருவரோடு உட்கார வைத்து எடுத்துப் பார்த்தேன். அவன் ஓர் இடத்தில் இருந்தால்தானே? பட்டனை அழுத்தும் நேரத்தில் தலையைத் திருப்புவான், எழுந்து ஓடுவான்.

படக்கடை முதலாளியான சீனத் தவுக்கே நேர்மையானவர். தெளிவாக விழாத படத்தைக் கழுவி என்னிடம் காசு வாங்க மாட்டார். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது தா ஜாடி", தேறாது, என்று விரலால் தட்டித் தள்ளிவிடுவார். சின்னவன் இருந்ததெல்லாம் அப்படித் தள்ளுபடியானது. மீதியை வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். அவர் தள்ளியவற்றையும் கழுவச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது தடவை படங்களைக் கொடுத்தபோது அவள் எல்லாவற்றையும் போர்வையின் மேல் பரப்பினாள். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னவன் எங்க?"

"வீட்லதான்."

"ஒரு படத்துல கூட இல்ல."

"ஆடிடுறான். தவுக்கே கழுவ மாட்டேங்கிறாரு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. கீழ பாக்குறீங்க."

"நான் எப்பவும் கீழதானே பாக்குறேன்."

பக்கத்துக் கட்டில்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவளுடைய அம்மா இறந்ததை வீட்டார் மறைத்து, கருமாதி முடிந்த பிறகுதான் சொன்னார்களாம். நோயாளி மனம் உடையக் கூடாது என்று அந்த வார்டில் பலருக்கும் அப்படித்தான் செய்திருந்தார்கள். சின்னவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நான் சத்தியம் செய்தேன். செய்யும்போது நாக்கு திக்கியது. உண்மையைச் சொல்லும்போதும் எனக்கு அப்படித்தான் வரும். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று அது அவளுக்குப் போதவில்லை.

அடுத்த முறை போனபோது வார்டு வாசலிலேயே நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட? கஞ்சி குடிக்கல. ஊசி போட கையத் தர மாட்டேங்கிறாங்க. இப்படியே விட்டா ஆள் நிக்காது, சொல்லிட்டேன்."

உள்ளே என் மனைவி கன்னம் ஒட்டிக் கிடந்தாள். சின்னவனைத் தனியாக எடுத்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"அப்ப மத்த ரெண்டும் எங்கன்னு இருக்கும். எந்தப் படத்தப் பாத்தாலும் ஒண்ணு வெளிய நிக்குது. அது எங்கன்னு படுத்த எடத்துலேருந்து தேடிக்கிட்டே இருக்கேன். என்னால முடியல. மூணு பேரையும் ஒண்ணா எடுத்துட்டு வாங்க."

"நீதானே கூடாதுன்னு சொன்னே."

"நாந்தான் சொன்னேன். இப்ப எடுக்கச் சொல்றதும் நாந்தான்."

வீட்டுக்கு வந்து நான்காவதாக ஓர் ஆளைத் தேடினேன். நான் நின்றால் பட்டனை அழுத்த ஆளில்லை. வேலியோரம் போய் நின்றேன். செட்டி அம்மா வீட்டுப் பிள்ளை ஒன்றை ஒரு நிமிடம் அனுப்பச் சொல்ல வேண்டும். அதற்கான மலாய்ச் சொற்களை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவர் சிரித்தார். சிரித்தபடியே முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட மகள்தான் வழி சொன்னாள்.

"பூனையத் தூக்கிக்கிறேன்பா. நாலு ஆயிடும்."

"பூனை ஆளாக்கா?" என்றான் பெரியவன்.

"ஒன்ன விட அது ஆளுதான். மூஞ்சியாவது கழுவுது."

வெயிலில் நிறுத்தினேன். யார் நடுவில் நிற்பது என்று நான்தான் சொல்ல வேண்டும். மகளைப் பார்த்தேன். பெரியவனைப் பார்த்தேன். சின்னவனையும் பார்த்தேன். எந்தப் பிள்ளையைப் பார்த்து நான் அதைச் சொல்வது? கேமராவுக்குள் குனிந்துகொண்டேன்.

"டேய், அவனப் பிடி, ஓடிருவான்" என்றாள் மகள். பெரியவன் ஒரு கையால் சின்னவனின் கையை இறுக்கிப் பிடித்தான். பூனை அவள் தோளில் நகத்தைப் பதித்துக் குதித்து ஓடியது. விரட்டப் போன பெரியவனின் மறுகையை அவள் எட்டிப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடிக்குள் மூன்று பேரும் ஆடாமல் நின்றார்கள். சின்னவனும் நின்றான். அப்படி ஒரு தருணம் இனி வராது என்று தெரிந்தது. அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் படத்தை வாங்கியதும் என் மனைவி சின்னவனின் முகத்தில் விரலை வைத்தாள். "நெத்தியில என்ன காயம்?" என்றாள். கதவில் இடித்துக்கொண்டான் என்றேன். "பாத்துக்க மாட்டீங்களா?" என்று திட்டினாள். எனக்கு மூச்சு வந்தது. மிஸ்ஸி கொண்டுவந்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஊசிக்குக் கையைக் கொடுத்தாள்.

பிறகு மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தவளின் முகம் மாறியது.

"நடுவுல பெரியவனையா நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்தல. தானா நின்னான்."

மிஸ்ஸியிடம் கத்தரிக்கோல் கேட்டாள். படத்தை இரண்டாக வெட்டிவிட்டால் ஒன்றில் ஒருவர், மற்றதில் இருவர். மூன்று பேர் இல்லை. கத்தரிக்கோலை மகளுக்கும் பெரியவனுக்கும் இடையில் வைத்தாள். அங்கே அவர்களின் கைகள் கோத்திருந்தன. அடுத்த பக்கம் கொண்டுபோனாள். அங்கே சின்னவனின் விரல்கள் அண்ணன் கைக்குள் இருந்தன.

"எந்தப் பக்கம் வெட்டுனாலும் கைய வெட்டணும்" என்றாள்.

கத்தரிக்கோலை மிஸ்ஸியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். நான் வெளியே வந்து ஜன்னல் கம்பி வலை வழியாகப் பார்த்தேன். அவள் படத்தை முகத்தருகே பிடித்திருந்தாள். கட்டைவிரலால் மகளை மறைத்துக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு விரலை நகர்த்திச் சின்னவனை மறைத்துக்கொண்டாள். நகர்த்தும்போதுகூட மூவரும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.