அக்காவின் ‘ம்’

என் ஓரகத்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். என் கணவரின் அண்ணன் மனைவி என்பதால் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எங்கள் இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. துணி காயப் போடும் கொடியில்கூட இது அவர் பக்கம், இது என் பக்கம் என்று எல்லை உண்டு. ஆனால் அவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் போன் எடுப்பதும் வகுப்புக்கு நேரம் கொடுப்பதும் நான்தான். காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான் கிளம்ப வேண்டும்.

ஆரம்பத்தில் அக்கா கத்திக் கத்தித்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் ஒரு பாங்க் அதிகாரி, நல்ல பெரிய மனுஷர், நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து அக்காவின் மானத்தை வாங்கின. அன்றோடு கத்துவதை விட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த ‘ம்’.

சின்ன சத்தம். பின் சீட்டில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. தெருமுனையில் ஒருவர் குறுக்கே காலெடுத்து வைக்கப் போகிறார் என்றால் ‘ம்’. முன்னால் போகும் வண்டி நிற்கப் போகிறது என்றால் ‘ம்’. ஓட்டுபவரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும். பதற்றம் இல்லை, திட்டு இல்லை. அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுப்பவருக்கென்றே பொருத்தியது. “என் பிரேக்ல ஒட்டடை கட்டிக் கெடக்கு, வேணும்னா வந்து பாரு,” என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

அவரிடம் படித்த யாரும் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றதில்லை. டெஸ்ட் எடுக்கும் அதிகாரி முன்னால் உட்காருவார், அக்கா பின்னால். ஒரு தடவை அந்த அதிகாரி திரும்பிப் பார்த்து, “உங்களுக்குத் தொண்டைல ஏதாவது தொந்தரவா மேடம்?” என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களுக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள்தான் எல்லாம் வெளியே வந்தது. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, சத்தம் எழுப்பினாலே வலிக்கிற நிலையில் வகுப்புக்கு வந்துவிட்டார். லீவு போடச் சொன்னால் கேட்கிற ஆளா? நான் பின் சீட்டில் இருந்தேன். ஓட்டியவர் எங்கள் கடைத்தெரு தையல்காரர். வகுப்பு முடியப் போகிற கட்டம், கை நன்றாகப் பழகிவிட்டது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தோம். பிள்ளைகள் கும்பலாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். தையல்காரர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. இப்போது குறைப்பார், இதோ குறைப்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா தன் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன் சீட்டில் போய் இடித்தது.

“என்ன ஆச்சு டீச்சர்?” என்றார் தையல்காரர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கண்ணுக்கு முன்னால் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் வாயில் பஞ்சு. ஊருக்கு வெளியே இருக்கும் காலி மைதானத்துக்குப் போகச் சொல்லிக் கையால் காட்டினார். அங்கே ஒரு காக்கா குருவி இல்லை. கார் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது பஞ்சைத் துப்பிவிட்டு, ‘ம்’ என்றார். தையல்காரர் அழகாக பிரேக் போட்டு நிறுத்தினார்.

“ஏன் நிறுத்தினீங்க?”

“ஏதோ குறுக்க வந்துச்சே டீச்சர். நாயோ என்னவோ. பாத்தேனே.”

அவர் பொய் சொல்லவில்லை. அக்காவின் சத்தம் கேட்டு நிறுத்தினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. தன் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்தியதாகச் சத்தியம் செய்யக்கூடிய நிலையில் இருந்தார். அவர் படித்தது ரோட்டை அல்ல, அக்காவை.

அடுத்தடுத்த நாட்களில் அக்கா ஒவ்வொருவரிடமும் வாயை மூடிக்கொண்டு சோதித்தார். எல்லோரும் அதேதான். ஒட்டடை கட்டியிருந்த பிரேக் இப்போது ஓயாமல் வேலை செய்தது. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டு வாசலில் நின்று போகிற வருகிற கார்களையே பார்த்தார். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். நானும்தான் படித்தேன். அன்றிலிருந்து நான் கார் சாவியைத் தொடவில்லை.

“இத்தன நாள் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே அக்கா,” என்றேன், சமாதானமாக.

“ஆகலைன்னு உனக்குத் தெரியுமா? இடிச்சிட்டு நம்மகிட்ட வந்து சொல்லுவாங்களா?” என்றார்.

ஊரை விடுங்கள். அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது அவருடைய மகள். வேலைக்குப் போகும் வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை கிடைத்திருந்தது. கம்பெனி கார் கொடுக்கும், அதில் தனியாக ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். ஒன்றுகூட அவள் பார்த்த ஊர் கிடையாது. வேலையில் சேரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யார்?

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டச் சொன்னார். பாப்பா நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் நிறுத்தினாள். அக்காவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. நான்தான் பின்னாலிருந்து கவனித்தேன். ஆபத்து தெரிந்தவுடன் அக்காவின் தோள் லேசாக உயரும். உடனே பாப்பாவின் கால் அசையும். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். பிறகு அக்கா பின் சீட்டுக்கு மாறினார். பாப்பா உள் கண்ணாடியை அம்மா முகம் தெரிகிற மாதிரி திருப்பிக்கொண்டாள். நான் கேட்டால், “எல்லாரும் வழக்கமா அப்படித்தான வைப்பாங்க சித்தி?” என்கிறாள்.

“இனிமே நான் கார்லயே இருக்கக்கூடாது,” என்றார் அக்கா. பாப்பா தனியாக ஓட்டிப் போய் வர வேண்டிய வழியையும் அவரே முடிவு செய்தார். முதலில் வகுப்பு நடக்கும் தெருக்கள். திரும்பி வரும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெரு. குறுகலாக இருப்பதால் எங்கள் கார் அங்கே போனதே இல்லை.

“அக்கா, வேணாம். அந்தத் தெரு மட்டும் வேணாம்.”

“நான் இல்லாத தெருவுலதான அவ காலம் பூரா ஓட்டப் போறா? அது என் கண்ணு முன்னாடியே நடக்கட்டும்.”

கண் முன்னால் எங்கே நடந்தது? நாங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரே துணியை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார். அது என் துணி. தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து தெருமுனையை எட்டிப் பார்த்தேன்.

கார் வந்து நின்றது. பாப்பா சிரித்துக்கொண்டே இறங்கினாள். அக்கா எழுந்து ஓடவில்லை.

“சூப்பரா ஓட்டினேம்மா. நீ பக்கத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சு. ஸ்கூல் வாசல், சிக்னல், மார்க்கெட் திருப்பம், எல்லா எடத்துலயும் எனக்கு ‘ம்’னு கேட்டுச்சு. டக் டக்னு நிறுத்தினேன்.”

“தொட்டித் தெருவுல?”

பாப்பா யோசித்தாள். “அங்க ஒண்ணும் கேக்கல. காலியா இருந்துச்சு போல.”

அக்கா அவளைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்துக் கண்ணாடி பின்னால் மடங்கிக் கதவோடு ஒட்டிக் கிடந்தது. எதிலாவது மோதினால்தான் அது அப்படி மடங்கும்.

“எதுலடி இடிச்ச?”

“நான் எங்கம்மா இடிச்சேன்? எதுலயும் இடிக்கலையே,” என்றாள் பாப்பா. சிரிப்பு இன்னும் அவள் முகத்தில்தான் இருந்தது.

அக்கா செருப்புகூடப் போடாமல் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டித் தெருவின் நடுவில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். தரையில் ஒரு பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பால் பாக்கெட்டுகள் சிதறி உடைந்திருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஒரு பொண்ணுதான் ஓட்டுச்சு,” என்றார் அந்தப் பெண், எங்களை யாரென்று தெரியாமலேயே. “வேகமாகூட வரல. என்னைப் பாக்காம வந்திருந்தாலும் மனசு ஆறும். நேரா என் மூஞ்சியப் பாத்துச்சு. பாத்துக்கிட்டேதான் வந்துச்சு.”

அக்கா அவர் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “என் பொண்ணுதான்மா,” என்றார். கூடியிருந்தவர்களில் ஒருவர் எங்களைத் திட்ட ஆரம்பித்தார். திட்டட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அப்போது தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அன்று நடு ரோட்டில் இறங்கிப் போன பாங்க் அதிகாரி. பிறகு சமாதானமாகி அக்காவிடமே வந்து படித்து முடித்தவர். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கை ஆட்டினார். காரின் வேகம் குறையவே இல்லை. நான் அந்தப் பெண்ணின் நல்ல கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்தேன். இன்னொரு கையால் அக்காவை இழுத்தேன். அவர் வரவில்லை. காரைப் பார்த்தபடி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நடுத் தெருவிலேயே உட்கார்ந்திருந்தார்.