அண்ணியின் டீக்கறைச் சேலை

வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணி தன் தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை வெயிலில் உலர்த்துவாள். அவற்றில் மஞ்சள் பருத்திச் சேலை ஒன்று உண்டு. முழங்கால் வருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. டீக்கறை. நேற்று என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு மாமி வச்சிருக்கீங்க, தூர எறிங்களேன்" என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "உன் வேலையைப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அந்தக் கறை மட்டும் இல்லையென்றால் அவளுடைய மாமா ஜெயிலுக்குப் போயிருப்பார்.

எங்கள் தீவின் கரும்புத் தோட்டங்களில் கூலித் தகராறு முற்றியிருந்த காலம். அண்ணன், சேன் பியேர் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு வேலை செய்தவர். ஆட்களைக் கூட்டிப் பேசினார் என்று போலீஸ் அவரைத் தேடியது. மீசையையும் முடியையும் மழித்துக்கொண்டு கிரான் பாசேன் மலை ஏரிக்கரைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு விதவையம்மாள் டீக்கடை வைத்திருந்தார். அவரிடம் டம்ளர் கழுவும் ஆளாக ஒண்டிக்கொண்டார். மாதம் ஒன்று போனது. பிறகு, போலீஸ் மலைப் பக்கமும் தேடப் போகிறது என்று எங்கள் காதில் விழுந்தது. அண்ணனிடம் அதைச் சொல்லியாக வேண்டும். ஆண்பிள்ளை போனால் சந்தேகம் வரும். நானும் அண்ணியும் கிளம்பினோம்.

மே மாதம். கரும்பு பூ எடுக்கிற நேரம், மலையில் குளிர் இறங்குகிற நேரம். சின்னச் சிவப்புக் கொய்யா பழுப்பதும் அப்போதுதான். கொய்யா பறிக்க ஊர் முழுக்க மலைக்குப் போகும். அதனால் ஆளுக்கொரு கூடை எடுத்துக்கொண்டோம். பஸ் போகிற கடைசி ஊரில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் சாரல், செம்மண் சேறு. அண்ணி ஒரு பழத்தையும் தொடவில்லை. வெறுங்கூடையோடு போனால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அவள் கூடைக்கும் நானே திட்டிக்கொண்டே பறித்துப் போட்டேன்.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அவர் வந்தால் எழுந்து நிற்பாள். கையில் குழந்தை இருந்தாலும், மடியில் அரிசி முறம் இருந்தாலும் எழுந்துவிடுவாள். எனக்கு அது அறவே பிடிக்காது. என் வீட்டுக்காரர் வந்தால் நான் நீட்டிய காலைக்கூட மடக்கியதில்லை.

டீக்கடை வாசலை மிதித்தோம். உள்ளே பெஞ்சில் ஒரு போலீஸ்காரரும், பக்கத்தில் துணைக்கு ஒரு சர்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். சர்தார் என்றால் கங்காணி. இவர் வேறு தோட்டத்து ஆள், தமிழர். திரும்பிப் போனால் சந்தேகம் வரும். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எந்த ஊரும்மா? புருஷன் யாரு?" என்று சர்தார் அண்ணியைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காத்ர் போர்னுங்க. கொய்யா பறிக்க வந்தோம். அவங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்று நான் முந்திக்கொண்டு, வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். சர்தார் சிரித்து, நம்ம பொம்பளைங்க அப்படித்தான் என்று போலீஸ்காரருக்குத் தீவு மொழியான கிரியோலில் விளக்கினார்.

அப்போதுதான் அண்ணன் உள்ளேயிருந்து தட்டில் இரண்டு டம்ளரோடு வந்தார். அண்ணி எழுந்துவிட்டாள். வேண்டுமென்றா எழுந்தாள்? உடம்பு தானாக எழுந்துவிட்டது. சர்தாரின் டம்ளர் உதட்டருகே நின்றது.

"ஏம்மா, டம்ளர் கழுவுறவனுக்கா எழுந்திரிக்கிற?"

அண்ணி, எழுந்த வேகத்திலேயே தட்டில் இடித்தாள். கொதிக்கிற டீ அவள் சேலையில் கொட்டியது. "டேய்" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. "தட்டைப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? கை நடுங்குறது தெரிஞ்சுதானே எழுந்தேன். சேலை பாழாப்போச்சு. போடா. இனிமே இங்க நிக்காத, போ."

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றார்.

சர்தார் தொடையில் தட்டிச் சிரித்தார். போலீஸ்காரர் அண்ணனை நோக்கிக் கையை நீட்டி ஏதோ கேட்டபோது, சர்தார் "பா லி" என்றார், அவன் இல்லை என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "தாலி கட்டினவனை டேய்ங்கிற மெட்ராஸ்காரி இன்னும் பொறக்கல" என்றார். தமிழ் பேசுகிற எங்கள் எல்லோரையும் இந்தத் தீவில் மெட்ராஸ் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் அடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தோம். அண்ணனிடம் தனியே ஒரு வார்த்தை பேசவில்லை. தேவையும் இருக்கவில்லை. நிக்காதே, போ என்றதை அவர் புரிந்துகொண்டு அன்று மாலையே வேறு இடம் போய்விட்டார்.

இறங்கி வரும்போது அண்ணி அழுதாள். முழங்காலில் கொப்புளம், அதற்கு அழவில்லை. "என் வாயால டேய்னு சொல்லிட்டேனே" என்று அழுதாள். "மனுஷன் தப்பிச்சாரு, அதுக்குச் சந்தோஷப்படாம இது என்ன ஒப்பாரி" என்று நான் சிடுசிடுத்தேன்.

கெடுபிடி அடங்கி அண்ணன் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலமானால் டம்ளரை நீட்டி, "அக்கா, டீ வேணுமா" என்று சீண்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அண்ணி மட்டும் சிரிக்க மாட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள். முப்பது வருஷமும் இதே கதைதான்.

தீவின் சுதந்திரக் கொடி ஏறியதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, அதே வருஷம் அண்ணன் படுத்தார். கடைசியில் நினைவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. யார் யாரோ பாலை ஊற்றினார்கள், பாட்டுப் பாடினார்கள். அந்த இழுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணி மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டிலருகே உட்காராமல் நின்றாள். குனிந்து அவர் காதில் சொன்னாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"டேய். இனிமே இங்க நிக்காத. போ."

இன்று காலை சேலைகள் காய்ந்துவிட்டன. மற்றவற்றை என் மகள் மடித்தாள். மஞ்சள் சேலையை அண்ணி அவளிடம் கொடுக்கவில்லை. கறை மேலே தெரியும்படி தானே மடித்து வைத்தாள். நான் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்தபோது, எழுந்து நின்றேன்.