கரைக்குக் கீழே நெல் வயல்

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது, ஏரிக்கரைதான் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெருங்களத்தூர்ப் பக்கம் மனை வாங்கியபோது அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பின்சுவர் வேர்க்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மகளின் கட்டில் கிடந்தது.

மனைகளை விற்றவர்தான் நகர் நலச் சங்கத் தலைவர். அவர் குடும்பம் அந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்தது. வயலெல்லாம் வீடானதும், ஏரி சும்மா கிடக்கிறதே என்று நாலு படகை வாங்கி விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குரோம்பேட்டையிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கோடையிலும் படகு மிதக்க வேண்டுமே? மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் மணல் மூட்டைகளை அடுக்கி ஏரியை இன்னும் நிரப்பினார். நான் சண்டைக்குப் போனேன்.

"இன்னா மேடம், இப்டி பயந்துகினு கீறீங்க? நம்ம கரை லோ ஹஸார்டுனு கவர்ன்மெண்டே எழுதி வச்சிகீது. கெட்டியான கரை."

தெருவே அதை நம்பியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஏரிகளைக் கவனிக்கும் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன்.

"கரை கெட்டியா இல்லையாங்கறது இல்லம்மா அது," என்றார். "உடைஞ்சா கீழ யாருக்குச் சேதம்னு பாத்து வகை பிரிக்கறது. உங்க ஏரிக்குக் கீழ நெல் வயல். அதனால கடைசி வகை."

"கீழ நான் இருக்கேன் சார். எங்க தெருவே இருக்கு."

"ரெக்கார்டுல இல்லையே."

எரிச்சலில் சிரிப்பு வந்துவிட்டது. ரேஷன் கார்டில் இருக்கிறோம், கரண்ட் பில்லில் இருக்கிறோம், அங்கே மட்டும் நெல்லாக நிற்கிறோம். ஆனால் அவர் நல்ல மனிதர். நேரில் வருவதாகவும், வீடுகள் என்று எழுதி வகையை உயர்த்தினால் மூட்டைகளை எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் வருவதற்குள் தலைவர் வீடு வீடாகப் போய் வேலையைக் காட்டிவிட்டார். வீடு என்று எழுதினால், ஏரிக்கடியில் வீடு கட்ட யார் அனுமதி கொடுத்தது என்று கேள்வி வருமாம். கரையைப் பலப்படுத்த மாட்டார்களாம், நம்மைத்தான் கிளப்புவார்களாம். அதுவரை என் பக்கம் பேசியவர்கள் என்னைக் கண்டதும் கேட்டைச் சாத்தினார்கள்.

பொறியாளர் வந்தார். தலைவர் அவரைப் படகில் ஏற்றி ஒரு சுற்று காட்டினார். காற்றடைத்த மிதவைச் சட்டை வேறு, பாதுகாப்புக்கு. அவர் கரையில் இறங்கியபோது தெருவே கூடியிருந்தது. நான் காப்பி டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு கரைப் படியேறி வந்தேன்.

"வீடுங்கன்னு எழுதிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"எழுதுங்க சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "மேடம் வீட்டுப் பட்டா யார் பேர்ல?"

என் கணவர் முன்னே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "இப்போதைக்கு இருக்கறபடியே விட்டுடுங்க சார்."

அந்த நிமிடம் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. பொறியாளர் என் காப்பியைக் குடித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். நெல் வயல் நெல் வயலாகவே இருந்தது. மூட்டைகளும் இருந்தன.

வீட்டுக்குள் வந்ததும் மகளின் கட்டிலைப் பின்சுவரிலிருந்து பிடித்து இழுத்தேன். தேக்குக் கட்டில், அசையவில்லை. என் கணவர் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசலறையில் போட்டோம்.