தவமலர் அக்காவின் கவிதைகளும் ஊராரின் பத்திரங்களும்

போன மாதம் ஒரு காலை. தேநீரை இன்னும் வாயில் வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது. உடையார்கட்டிலிருந்து தவமலர் அக்கா.

"பிள்ளை, லைப்ரரியில என்ர கவிதை ஒண்டுகூட இல்லையாம்."

அக்கா குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. நான் தேநீரைத் தள்ளி வைத்தேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை. கவிஞர். புத்தகம் போட்டிருக்கிறாரா? இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் அவருடைய நாலு வரியை யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்குப் பிடித்தது இது:

*திரும்பவும் இடம் மாறினோம்.*
*எங்களுக்குப் பழகிவிட்டது.*
*கோழிதான் பொழுதுபட*
*பழைய வீட்டை நோக்கி நடந்தது.*

இப்படி எழுதியதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கிளிநொச்சியில் ஒரு நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். அவர்களும் துப்புரவாக்கி, ஸ்கேன் பண்ணி, இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் தங்கை மகன் ஆசையோடு திறந்து பார்த்தால்... ஒரு பிறப்புப் பத்திரம். அடுத்தது விவாகப் பத்திரம். அடுத்தது காணி பெர்மிட். பிறகும் பிறப்புப் பத்திரம்.

"பெரியம்மா, கச்சேரிக் கந்தோர்ப் பெட்டியை மாறிக் குடுத்திட்டியளோ?" என்று கேட்டிருக்கிறான்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வாரம் வியாழக்கிழமை நூலகக் குழு கூடுகிறது. அக்காவின் பெட்டிக்கு நிரந்தரமாக ஓர் அறை கொடுப்பதா, பெட்டியைத் திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

"திரும்பி வீட்டை வந்தா எனக்குப் பிறகு ஆர் பாக்கிறது? கறையான்தான்" என்றார் அக்கா.

அடுத்த பஸ்ஸில் அவர் நான் இருக்கும் கிளிநொச்சிக்கு வந்து இறங்க, இருவருமாக நூலகத்துக்குப் போனோம். ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பு ரிஃபானா. முல்லைத்தீவுப் பிள்ளை, பெற்றோர் இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். கையுறை போட்டு, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் வைத்திருந்தார். அவ்வளவு பக்குவம். எல்லாத் தாளும் முத்திரை தெரிய நிமிர்ந்து படுத்திருந்தது.

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பென்சிலில் ஒரு கவிதை.

ரிஃபானாவின் முகம் வெளிறிவிட்டது. "அன்ரி... முத்திரை இருக்கிறதுதானே முன்பக்கம் எண்டு நினைச்சன். பின்னால சும்மா எழுதிப் பாத்ததாக்கும் எண்டு விட்டிட்டன்."

இந்தப் பிள்ளையை யார் குறை சொல்வது? வன்னியில் வேறு யாரை அந்தக் கதிரையில் இருத்தியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். யுத்தத்தில் ஊர் ஊராக ஓடியபோது நாங்கள் ஆட்டை விட்டோம், மாட்டை விட்டோம், வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போய் அதையும் பாதி வழியில் விட்டோம். பத்திரப் பையை விட்டோமா? சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றாலும் அதைத்தான் கேட்டார்கள், முகாமுக்குள் போகவும் அதைத்தான் கேட்டார்கள். முத்திரை இல்லாத தாள் எங்களுக்குத் தாளே இல்லை.

அக்கா அன்றைக்கே இதைக் கணக்குப் போட்டிருக்கிறார். "தனித் தாளில எழுதினா ரெண்டாவது இடத்தில எறிஞ்சு போடுவம், பிள்ளை. தாளும் கிடையாது அப்ப. சனம் எதை எறியாது? பேர்த் செற்றிபிக்கற்றை எறியாது. அதில எழுதினன்."

சொந்தப் பத்திரங்கள் எத்தனை நாளுக்குக் காணும்? படிவம் நிரப்பித் தரச்சொல்லி அவரிடம் வருகிற அயலவர்களிடம், "பின்பக்கம் வெறுமையாக் கிடக்கு, ஒரு கவிதை எழுதட்டோ?" என்று கேட்பாராம். அரச பத்திரத்தில் கவிதை எழுதலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் ஒருவர் திருப்பிப் பார்த்து இது என்ன என்றபோது, "தேவாரம்" என்று சொல்லித் தப்பியிருக்கிறார்கள். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது.

இப்படித்தான் அக்காவின் கவிதைகள் ஊராரின் பைகளில் ஏறி, காடு, கரை, முகாம் எல்லாம் சுற்றின. மீள்குடியேறிய பிறகு அரசாங்கத்தின் நடமாடும் சேவையில் ஏறக்குறைய எல்லாரும் புதுப் பிரதி எடுத்தார்கள். பழையதை அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுதான் அந்தத் தகரப் பெட்டி.

ரிஃபானா இருந்த இடத்தை விட்டு அசையாமல் மறுபக்கம் முழுவதையும் ஸ்கேன் பண்ணி முடித்தார். வியாழனும் வந்தது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். திரையில் கவிதைகள் ஒவ்வொன்றாக வர, மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குள் ஒரே பூரிப்பு. வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

"அருமை. ஆனா ஒரு சிக்கல் இருக்கு" என்றார் தலைவர். "இது எல்லாம் மற்ற ஆக்களின்ர பத்திரம். பேர், தாய் தகப்பன், காணி விவரம் எல்லாம் கிடக்கு. அவையள் ஒவ்வொருத்தரும் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்காமல் நாங்கள் வைச்சிருக்கேலாது. இணையத்தில ஏத்தினதையும் இப்போதைக்கு எடுக்கவேணும்."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் மனிதர் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் கோபம். அக்கா பஸ் ஏறும்போது, "ஊரில கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

திங்கட்கிழமை ரிஃபானாவின் அழைப்பு. "அக்கா, ஓடி வாங்கோ. சனத்துக்குக் கதிரை காணாது."

போய்ப் பார்க்கிறேன்... நூலக வாசலில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், அதற்குப் பின்னால் வாடகைக்குப் பிடித்து வந்த ஒரு பஸ். உள்ளே உடையார்கட்டு பாதி நிற்கிறது. துணுக்காயில் கலியாணம் கட்டிப் போனவர்களும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் பை. அதற்குள் புதுப் பத்திரம் — பழையதில் இருக்கிற ஆள் தான்தான் என்று நிரூபிக்க! எங்கள் சனம் கையெழுத்து வைக்க வெறுங்கையோடு போகுமா?

கையெழுத்து வைத்தவர்கள் போகவில்லை. தங்கள் தாளைத் திருப்பி வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பார்க்காமலே சொன்னார். பதுங்குகுழிக்குள் இருந்து பாடமாக்கியதாம். வாட்டசாட்டமான ஒருவர் தன் பிறப்புப் பத்திரத்தைக் கையில் பிடித்தபடி, "இது நான் பிறந்ததுக்கு எழுதினதோ அக்கா?" என்றார்.

"இல்லையடா தம்பி. அண்டைக்கு மழை" என்றார் அக்கா.

சிரிப்பில் நூலகமே அதிர்ந்தது. அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் எல்லாரும் சிரித்தார்கள். செய்தி கேட்டு வந்த குழுத் தலைவரும் சிரித்தார்.

கடைசியாக வந்தவர் பரமேஸ்வரி அக்கா. அவர் கொடுத்துவைத்த மகனின் பத்திரமும் அந்தப் பெட்டியில் இருந்தது. மகன் இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் போய்விட்டான். அவர் மேசைக்குக் கிட்ட வரவும் சிரிப்புத் தானாக அடங்கியது. தலைவர் எழுந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ. இதைத் திருப்பித் தாறம்."

பரமேஸ்வரி அக்கா மகனின் பெயரில் விரலை வைத்தார். "ஏன் திருப்பித் தாறியள்? இவனுக்கு நான் புதுப் பிரதி எடுக்கேல்ல. எடுத்து என்ன செய்யிறது? அவன்ர பேர் எழுதின கடதாசி இது ஒண்டுதான். என்னட்டை இருந்தா என்னோட போயிடும். இஞ்ச வையுங்கோ."

கையெழுத்து வைத்தார். பிறகு தவமலர் அக்காவைப் பார்த்தார். "சனம் உங்கட கவிதையைப் பாக்கத்தான் வரும். வாசிச்சிட்டு ஒருக்காத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்கோ."

தவமலர் அக்கா அழுது நான் கண்டதில்லை. அன்று கண்டேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்கும் எழுத வராத ஒரு சந்தோஷம். ஓடின ஓட்டத்தில் எவ்வளவோ தோற்ற சனம், ஒரு மேசையைச் சுற்றி நின்று எதையோ வென்றுகொண்டிருந்தது.

அறை கிடைத்துவிட்டது. போன வாரம் திறந்தார்கள். வாசலில் கவிஞரின் பெயரோடு ஒரு பலகை வைக்க, என்ன வாசகம் போடலாம் என்று குழு கேட்டது. அக்கா யோசிக்கவே இல்லை. "வாசித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள்" என்று எழுதச் சொன்னார்.

திறந்த நாளிலிருந்து தினமும் போய் ஒரு மூலையில் நின்று பார்க்கிறேன் — இதுவரை ஒருவர்கூடத் திருப்பாமல் போகவில்லை.