கீழ்த்தளத்துக் கரண்டிச் சத்தம்

லுவீனியா டார்வருக்கு எண்பத்துநான்கு வயதாகிறது. இன்றைக்கும் யாராவது பழைய ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். மேல்மாடிகளைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் கொதிகலனுக்கும் நடுவே, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கியிருந்த பதினான்கு கட்டில்களைப் பற்றித்தான் பேசுவாள். பத்தொன்பது வருஷம் அங்கே ஆயாவாக இருந்தாள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வெயில் போதாதென்று சலவை ஆவி வேறு. மனுஷன் படுக்கிற இடமா அது? ஆனாலும் அங்கே கேட்ட சிரிப்பை அவள் வேறெங்கும் கேட்டதில்லை.

அங்கே அழைப்பு மணி கிடையாது. ஆள் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்ட வேண்டும். தட்டுகிற தட்டிலேயே ஆள் யாரென்று லுவீனியா சொல்லிவிடுவாள். மிஸ் ஒடெஸா கோழி கொத்துகிற மாதிரி படபடவென்று தட்டுவாள். சர்ச்சில் போதகருக்கு உதவும் டீக்கனாக இருந்த சைலஸ் பிராட்நாக்ஸ் நிதானமாக இரண்டே தட்டு.

"நீ வர்றதுக்குள்ள பரலோகத்துல எனக்கு நாற்காலியே போட்டுடுவாங்க போலிருக்கே, மகளே!"

"போட்டா உக்காருங்க ஐயா. அங்கயும் கரண்டியால தட்டாதீங்க, தேவதூதருங்க ஓடிப்போயிடுவாங்க."

பதினான்கு கட்டிலும் சிரிக்கும். யார் வீட்டிலிருந்தோ வந்த வறுத்த மீன் துணியில் சுற்றியபடி கட்டிலுக்குக் கட்டில் போகும். ஒருவருக்கு வலித்தால் பக்கத்துக் கட்டில் பாடும்.

1966 கோடையில் டீக்கனின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுபத்தொரு வயது, பலவீனமான இதயம், நெஞ்சில் நீர். படுத்தால் மூச்சு முட்டியது. ஒன்பது நாள் உட்கார்ந்தபடியே இருந்தார், உதடு நீலம் பூத்தது. மேல்மாடியில் குளிர்ந்த காற்றும் ஆக்சிஜனும் தாராளமாக இருந்தன. கீழே ஒரே ஒரு சிலிண்டர், அதற்கும் நாலு பேர்.

அந்த ஜூலையில்தான் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் மெடிகேர் காப்பீடு வந்தது. ஒரு நிபந்தனையோடு வந்தது. கறுப்பருக்குத் தனி வார்டு, வெள்ளையருக்குத் தனி வார்டு வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு காசு கிடையாது. பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பார்கள். ஆஸ்பத்திரி கதவைத் திறக்காதா? திறந்தது, இரண்டே நாளைக்கென்று.

திங்கட்கிழமை காலை தலைமை நர்ஸ் மிஸஸ் லாங்டன் கீழே வந்தாள்.

"லுவீனியா, இன்னிக்கே எல்லாரையும் மேல கொண்டுபோய் வெள்ளைக்காரங்க பக்கத்துல படுக்க வை. நாளைக்கு வாஷிங்டன்லேர்ந்து ஆள் வர்றான். அவன் போனதும் புதன்கிழமை இறக்கிடலாம். கேட்டா, எப்பவும் இப்படித்தான்னு சொல்லு. வாய் நீண்டா வேலை இருக்காது."

"சரிங்க மேடம்" என்றாள் லுவீனியா. புருஷன் இல்லாத வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

அன்று சாயங்காலம் மேலே போய்ப் பார்த்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு டீக்கன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டில் நீலம் இல்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. புதன்கிழமை இவரைக் கீழே இறக்கினால் ஞாயிற்றுக்கிழமை பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று தெரிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரி இளைஞர், வெள்ளைக்காரர். வேர்த்து நனைந்த சட்டையோடு கட்டில் கட்டிலாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். எல்லாம் பொருத்தமாக இருந்தது. மிஸஸ் லாங்டன் புன்னகையை இறக்கவே இல்லை.

அப்போது டீக்கனுக்குத் தாகம் எடுத்தது. டங். டங். கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டினார்.

அதிகாரி திரும்பினார். "தலைமாட்டுலயே மணி தொங்குதே, எதுக்குக் கரண்டியால தட்டறார்?"

"வயசாச்சுல்ல சார், மறதி" என்றாள் மிஸஸ் லாங்டன்.

அதிகாரி லுவீனியாவின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். "நீங்க சொல்லுங்க, மிஸஸ் டார்வர்."

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் எந்த வெள்ளைக்காரரும் அவளை மிஸஸ் என்று அழைத்ததில்லை. அவள் கட்டிலின் பக்கம் திரும்பினாள். டீக்கனின் மார்பு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"மறதியெல்லாம் இல்லீங்க. நல்லா ஞாபகம் இருக்கு அவருக்கு. நேத்து மத்தியானம் வரைக்கும் அவர் கிடந்த எடத்துல மணி கிடையாது, கரண்டிதான்."

"எங்க இருக்கு அந்த இடம்?"

"வாங்க, காட்டறேன்."

கீழே பதினான்கு கட்டில்களிலும் புதன்கிழமைக்கென்று துவைத்த விரிப்பைத் தயாராக மடித்து வைத்திருந்தார்கள். அதிகாரி பேனாவை மூடினார். அந்தக் கட்டில்களைக் கழற்றி வெளியே போடும்வரை மெடிகேர் பணத்துக்கு அவர் கையெழுத்து கிடைக்காது என்று ஆகிவிட்டது. டீக்கனை யாரும் இறக்கவில்லை. சாயங்காலமே லுவீனியாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் அழவில்லை, மிஸஸ் லாங்டனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பாளா?

மேலே போனவர்கள் அறைக்கு இருவராகச் சிதறிப்போனார்கள். மணி அடித்தால் ஆள் வந்தது, பாட்டுதான் வரவில்லை. அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு கட்டில்கூடத் திரும்ப வர வேண்டாம் என்பாள் லுவீனியா. அங்கே இருந்தவர்கள் மட்டும் ஒரு நாளைக்கு வந்து உட்கார்ந்தால் போதும், அதற்கு அவள் ஏங்காத நாளில்லை.

வேலை போய் ஐந்து வாரம் கழித்து அவள் வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் டீக்கன் நிற்கிறார். துணைக்கு யாரும் இல்லை, கையில் தடிகூட இல்லை.

"உன் வாசல்ல ஏழு படி, மகளே" என்றார். "எண்ணிக்கிட்டே ஏறினேன். நடுவுல எங்கயும் நிக்கல."

லுவீனியா கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.