அக்கா தெரிவு செய்த டூலிப்புகள்

எண்பதுகளின் கடைசியில், நியூசிலாந்தில், ஒக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஒரு டொக்டர் வீட்டின் பின்பகுதியில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் டொக்டரும் மனைவியும். நால்வரும் யாழ்ப்பாணம்தான். ஆனால் அவர்கள் வேலை கிடைத்து வந்தவர்கள். நாங்கள் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள். டொக்டரின் மனைவி அந்த வித்தியாசத்தை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலே உணர்த்தும் கெட்டித்தனம் அவரிடம் இருந்தது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

ஊரில் ஒரு செவ்வரத்தைச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியிராத அக்காவுக்கு இங்கே தோட்டப் பைத்தியம் பிடித்தது. செடிகள் மேல் உள்ள ஆசையால் அல்ல. அந்தப் பகுதி வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் வசந்தகாலத்தில் வீடுவீடாகப் போய்த் தோட்டம் பார்த்துத் தேநீர் குடிப்பார்கள். அந்த வருடம் தன் வீட்டுக்கும் வர அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

கோடை முடிகிற நேரம், தென்தீவிலிருந்து ஒரு பூக்கிழங்குப் பட்டியல் புத்தகம் தபாலில் வந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“நீர் டீச்சர் எல்லோ, வாசியும். நான் படத்தைப் பாக்கிறன்.”

ஊரில் பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட்டைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என் படிப்பு ஞாபகம் வருவது இப்படியான வேளைகளில்தான்.

பக்கத்துக்குப் பக்கம் டூலிப். எது அதிகம் அலங்கோலமாக இருந்ததோ அதில் அக்காவின் விரல் நின்றது. இதழ்கள் கிழிந்து முறுகி, கிளி இறகு மாதிரிச் சிலிர்த்து நின்ற ஒன்று. ஓரமெல்லாம் குஞ்சம் வைத்த ஒன்று. வெள்ளையில் சிவப்பு தெறித்தாற்போல ஒன்று. கறுப்பென்று சொல்லி விற்கும் கடும் ஊதா ஒன்று. கலியாண வீட்டில் கண்ட சேலை எல்லாவற்றையும் ஒருத்தியே உடுத்திக்கொண்டு வந்தது போல இருந்தது அந்தத் தெரிவு.

ஒரு மூலையில் வெறும் மஞ்சளாக, நேராக நின்ற ஒரு பூ எனக்குப் பிடித்தது. “இதிலையும் கொஞ்சம் எடுப்பமே அக்கா?” என்றேன்.

அக்கா சிரித்தார். “இது பெற்றோல் ஸ்டேஷன் வாசல்லை வைக்கிறது.”

ஏப்ரலில், இங்கத்தைய இலையுதிர்காலத்தில், கிழங்குகள் வந்தன. ஒக்லாந்துக் குளிர் டூலிப்புக்குப் போதாது; நடுவதற்கு முன் ஏழெட்டுக் கிழமை பிரிட்ஜில் வைக்கவேண்டும். அக்கா பைகளோடு என் வாசலில் வந்து நின்றார்.

“எங்கடை பிரிட்ஜிலை இடமில்லை. நீங்கள் ரெண்டு பேர்தானே, உங்கடையிலை என்ன பெரிசாய் கிடக்கப் போகுது?”

வாங்கி வைத்தேன். பைக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. பழங்களோடு வைக்கவேண்டாம், முக்கியமாக ஆப்பிளோடு வேண்டாம், ஆப்பிளிலிருந்து வரும் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும் என்று எழுதியிருந்தது. அடுத்த கிழமை கணவரோடு வேலைசெய்யும் ஒருவர் தன் வீட்டு மரத்து ஆப்பிள் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். துண்டுத்தாளை மதித்து, பெட்டியை பிரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது, தோட்டக் குழுப் பெண் ஒருத்தியை அக்கா கூட்டிக்கொண்டு வந்து டூலிப் நடப்போகும் இடத்தைக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, யாரென்று கேட்டாள்.

“அவள் வீட்டின் பின்பகுதியில் இருக்கிறாள். தோட்ட வேலைக்கு எனக்கு உதவி” என்றார் அக்கா, ஆங்கிலத்தில், எனக்கு அந்தப் பாஷை விளங்காது என்பது போல.

உள்ளே போனேன். ஆப்பிள்களைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக அந்தப் பைகளைச் சுற்றி அடுக்கினேன். ஆத்திரத்தில் அறிவிழந்து செய்தேன் என்று சொல்லமாட்டேன். மிக நிதானமாகச் செய்தேன்.

யூனில் கிழங்குகளை நட்டதும் நான்தான். அக்கா மழைக்கோட்டோடு நின்று எது எங்கே என்று விரல் நீட்டினார். செப்டம்பரில் வசந்தம் வந்தது. இலைகள் கொழுகொழுவென்று எழும்பின. நடுவில் நகத்தளவில் காய்ந்த கடதாசி போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு பூவும் இல்லை.

நாலு பெண்கள் வந்தார்கள். ரோல்ஸ் நான் பொரித்தது. அக்கா இலைகளின் நடுவே நிமிர்ந்து நின்று, இது இலைக்காகவே வளர்க்கும் அபூர்வ வகை, ஐரோப்பாவில் இப்போது இதுதான் பிரபலம் என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணுக்கு அமைதியாக இருக்கிறது என்றாள். மற்றவள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். தோட்டம் செய்தே தலைநரைத்தவர்கள் அவர்கள். அது பொய்யென்று தெரியாமலா இருந்திருக்கும்? ஒருத்தருக்காவது வாய் திறக்க முதுகெலும்பு இருக்கவில்லை. ரோல்ஸை மட்டும் மூன்று தரம் எடுத்தார்கள்.

அவர்கள் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“பிரிட்ஜிலை வேறை ஏதும் வைச்சனீரோ?”

“இல்லை அக்கா.”

“ஓம், நீர் வைக்கமாட்டீர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோட்ட உதவி என்று அறிமுகப்படுத்தியதைவிட இதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. அவர் அப்படிச் சொன்னது என் நேர்மையில் நம்பிக்கை இருந்ததால் அல்ல. அவருக்கு எதிராக ஒன்றைச் செய்யும் அளவுக்கு நானும் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, கிழங்கு அனுப்பியவர்களுக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். “உம்மடை இங்கிலிஷ் நல்லது.” உட்கார்ந்து எழுதினேன். பழுதான கிழங்குகளை அனுப்பி ஒரு குடும்பத்தின் வசந்தத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எழுதினேன். அந்த வரி அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு பிழையும் செய்யாத யாரோ ஒருவர் இரண்டு கிழமையில் பதில் போட்டார். தன் கைப்பட எழுதியிருந்தார். மிகவும் வருந்துவதாகவும், அடுத்த இலையுதிர்காலத்தில் அதே வகைகளைப் புதிதாக அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். வாசிக்கும்போது குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அக்காவைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் அதற்குப் பிறகும் மாறவில்லை. என்னைப் பற்றி வைத்திருந்தது மாறியது.