சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

லட்சுமணசாமி அண்ணனின் கண்ணில் படாமல் ஒரு நட்டு கூட எங்கள் பம்பு கம்பெனிக்குள் வந்ததில்லை. முப்பத்தோரு வருடமாக எதை வாங்குவதென்றாலும் அவர்தான். மூன்று இடத்தில் விலை கேட்பார், சாம்பிள் வாங்குவார், திருகிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். கடித்துப் பார்க்காத குறைதான். பிடிக்கவில்லை என்றால் சிவப்பு அட்டை விழும். அட்டையில் பொருளின் பெயர், கழித்ததற்கான காரணம், கழித்தவர் கையெழுத்து, அதற்குக் கீழே எம்.டி. ஒப்புதல் கையெழுத்தும் தேதியும் என்று வரிசையாகக் கோடு போட்டிருக்கும். அதைச் சிவப்பு நூலால் அவர் கையாலேயே பொருளோடு சேர்த்துக் கட்டுவார். அந்த முடிச்சை நகத்தால் அவிழ்த்தவர் எங்கள் கம்பெனியில் யாரும் இல்லை, கத்தரிதான் வேண்டும். கட்டிய பிறகு அது கம்பிக் கூண்டுக்குள் போய்விடும். கூண்டுக்குள் போனது வெளியே வராது.

என் பெயர் உஸ்மா. வெளிநாட்டு ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறேன். எங்கள் எம்.டி. சென்னியப்பனுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறும் என்பதால் வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான். சம்பளம் ஒன்றுதான், வேலை இரண்டு. அதைச் சொன்னால் எம்.டி. சிரிப்பார். நல்ல மனுஷன்தான், அவசரக்காரர்.

அந்த அவசரத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இத்தாலியில் ஒருவர் எங்கள் பம்புகளை மொத்தமாக வாங்கும் யோசனையில் இருந்தார். நேரில் வந்து கம்பெனியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு. ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது, தான் பிறந்த அறுபத்து நாலாம் வருடத்து ஒயின் பாட்டில் ஒன்றை, தன் ஊர் மலைத்தோட்டத்தில் எடுத்ததை, அப்பா தனக்காகவே வீட்டில் வைத்திருந்ததாகவும், அவர் இறந்த பிறகு தம்பி வீட்டை விற்றபோது அதுவும் போய்விட்டதாகவும் அந்த மனிதர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் மறந்திருப்பார். எம்.டி. மறக்கவில்லை.

"சாமி, அவரு வாரப்ப அதே பாட்டில் டேபிள் மேல நிக்கோணுமுங்க. எங்கிருந்து புடிப்பீங்களோ தெரியாது" என்றார்.

அண்ணன் முதலில் அரசாங்கக் கடைக்குத்தான் போனார். வாழ்க்கையில் அந்தப் பக்கமே போகாதவர், துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு "ஒயினுங்க, அறுபத்தி நாலு" என்று கேட்டாராம். "அது வெலையா, வருஷமா?" என்று கடைக்காரர் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார். பிறகு எம்.டி.யின் நண்பர் ஒருவர் மூலமாக மதன்குமார் என்கிற ஏஜென்ட் கிடைத்தான். கடையில் கிடைக்காத வெளிநாட்டு ஒயினைப் பெரிய வீடுகளுக்குத் தனியாக வரவழைத்துக் கொடுக்கிறவன். ரேஸ்கோர்ஸ் பக்கம் பலகை இல்லாத ஓர் அலுவலகம். துணைக்கு வரச் சொன்னதால் நானும் போயிருந்தேன்.

"மொதல்ல ஒரு சாம்பிள் குடுங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ஆர்டர் போடறேனுங்க" என்றார் அண்ணன்.

மதன்குமார் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"சார், ஒரே ஒரு பாட்டிலுங்க. சாம்பிள் குடுத்தா அதோட சரக்கு தீந்துதுங்க."

"அப்ப பில்லு?"

"இதுக்கெல்லாம் பில்லு கெடையாதுங்க சார். எல்லாம் நம்பிக்கைதான்."

"நம்பிக்கைய எந்த ஃபைல்லீங்க வெக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. உண்மையாகவே கேட்டார். திறந்து பார்க்காத எதையும் அவர் வாங்கியதில்லை. இதையோ திறந்தால் பொருளே போயிற்று. எம்.டி.க்கு போன் போட்டு, "திருப்தியில்லீங்க" என்றார். "வாங்கிப்போட்டு வாங்க சாமி" என்று பதில் வந்தது. வாங்கிவிட்டார்.

பில் இல்லாத அந்த பாட்டிலைப் பம்பு அட்டைப்பெட்டிக்குள் பழைய துணி சுற்றி வைத்து, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கம்பெனிக்குக் கொண்டுவந்தார். நான் பின்னாலேயே என் வண்டியில் வந்தேன். லட்சுமி மில்ஸ் தாண்டியதும் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் சோதனைதான். ஆனாலும் அண்ணனின் சட்டை முதுகில் ஒட்டிப்போனது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. "பெட்டியில என்னங்க?" என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். "பம்புங்க" என்றார் அண்ணன். போகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் அவர் சொன்னது இதுதான்: "போலீஸ்காரங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன் அம்மணி."

பாட்டிலைக் குளிர்ச்சியான இடத்தில் படுக்கவைக்க வேண்டும் என்று மதன்குமார் சொல்லியிருந்தான். எங்கள் கம்பெனியில் இரவும் பகலும் ஏசி ஓடுகிற இடம் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் அறை மட்டும்தான். மைக்ரோமீட்டர்களுக்கும் எஃகு அளவுக்கட்டைகளுக்கும் நடுவே பச்சை வெல்வெட் துணியில் அந்த பாட்டில் மூன்று நாள் படுத்துக்கிடந்தது. அண்ணன் மணிக்கொரு தரம் உள்ளே போனார். லென்ஸ் வைத்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், எடை போட்டார். வீட்டில் மூன்று நாளும் சோறு இறங்கவில்லையாம். அவர் மனைவி பழனியாத்தாள் அக்கா எனக்குப் போன் செய்து, "ஏங்கண்ணு, உங்கண்ணனுக்குக் கம்பெனில ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டார். "புது ஐட்டம் ஒண்ணு வந்திருக்குக்கா" என்றேன்.

இத்தாலிக்காரர் வருகிற அன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் என்னை அந்த அறைக்குக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. லேபிளின் ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் வாயால் நன்றாக ஊதி, ஈரம் பட்டதும் பாட்டிலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத மோந்து பாருங்க அம்மணி."

"அண்ணா, என்னைப் போயி..."

"பாட்டில இல்லீங்க. காயிதத்த."

மோந்து பார்த்தேன். என் அத்தா உக்கடத்தில் இருபத்தைந்து வருடம் டீக்கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வீட்டுப்பாடம் எழுதியது அந்தக் கடையின் பின்பக்கத்தில்தான். அந்த வாசனையை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"டிகாஷன்" என்றேன். "டஸ்ட் டீ."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைப் பழசாகக் காட்ட டீயில் முக்கி எடுத்திருக்கிறார்கள். "வெய்யில்லயும் தூசியிலயும் பழுத்த காயிதம்னா மேலாக்கத்தான் பழுக்கும். ஒட்டுன அடிப்பக்கம் வெள்ளையா இருக்கோணும். இது அடியிலயும் அதே பழுப்பு, பாருங்க." பம்பு பெட்டிகளுக்கு முப்பது வருடம் லேபிள் வாங்கியவரின் கண் அது. மதன்குமாருக்குப் போன் போட்டோம். ஸ்விட்ச் ஆஃப்.

அரை மணி நேரத்தில் எம்.டி. பாட்டிலை எடுத்துப் போக வந்தார். அதற்குள் அண்ணன் சிவப்பு அட்டை எழுதி, பாட்டிலின் கழுத்தில் கட்டிமுடித்திருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கோபத்தில் கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். எம்.டி.யும் அப்படித்தான். மெஷினை உடைத்தவனைக் கூட "ஏனுங்க, கண்ணு எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்றுதான் கேட்பார். அன்றைக்கு அவர் அட்டையை இரண்டு தரம் படித்தார்.

"சாமி, இத அவரு ஊருக்கே நான் எழுதிப்போட்டேன். உங்க வருஷத்து பாட்டில் ரெடின்னு. இப்ப அவரு வந்து எறங்கீட்டாரு."

"அவரு ஊரு சரக்குங்க. அவருக்குத் தெரியாதுங்களா?"

"நீ வாங்குனதுதானே?" என்றார் எம்.டி.

நான் அண்ணனைப் பார்த்தேன். முப்பத்தோரு வருடத்தில் அவர் கேட்டிராத 'நீ' அது.

"நான் வாங்குனதுதானுங்க. அதுக்குத்தான் நானே அட்டை கட்டறேன்."

எம்.டி. அட்டையைப் பிடித்து இழுத்தார். அது கிழிந்து கையோடு வந்தது. நூல் வரவில்லை. இரண்டு தரம் நகத்தால் முயன்றார். அவசரத்தில் கத்தரி கேட்கத் தோன்றவில்லை. அட்டையைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மத்தியானம் இது டேபிளுக்குப் போகுது. நீ வாயத் தொறந்தா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. இதைத் தவிர வேறு வேலை தெரியாது. "எனக்கு நெம்ப பயமா இருக்குது அம்மணி" என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவரை நினைத்தும், மத்தியானம் அந்தப் பேச்சையெல்லாம் மொழிபெயர்க்கப்போகிற என் வாயை நினைத்தும்.

இத்தாலிக்காரர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். காலை முழுக்கக் கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். கம்பிக் கூண்டுக்கு முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார். உள்ளே கிடந்த ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒரு அட்டை. இதெல்லாம் என்ன என்று என்னிடம் கேட்டார். தேறாத சாமான்கள், வெளியே போகாது என்றேன். ஒரு நூலை விரலால் சுண்டிப் பார்த்து, முடிச்சு யாருடையது என்றார். நான் அண்ணனைக் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

சாப்பாடு, கிணத்துக்கடவு பக்கம் எம்.டி.யின் தென்னந்தோப்பில். வழி நெடுக அண்ணன் முன் சீட்டில் பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணை மூடிக்கொண்டார். தோப்பில் இலை போட்டிருந்தார்கள். எனக்கு விருந்தாளியின் பக்கத்தில் இடம். அண்ணனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் எம்.டி.யின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

எம்.டி. எழுந்து, இரண்டு கையாலும் பாட்டிலை நீட்டினார். "உங்க வருஷம்னு சொல்லும்மா." சொன்னேன். இத்தாலிக்காரரின் முகம் ஒரு நொடி சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. பாட்டிலை வாங்கி ஊர்ப்பெயரை மெதுவாக வாய்க்குள் படித்தார். பிறகு அவர் கட்டைவிரல் பாட்டிலின் கழுத்தில் நின்றது. இது என்ன நூல் என்று கேட்டார்.

எம்.டி. கண் கூடச் சிமிட்டவில்லை. "சாமி கயிறுன்னு சொல்லும்மா. ஒசந்த பொருளுக்கு எங்கூர்ல கட்டுவோம்னு சொல்லு."

சொன்னேன். அல்லா மன்னிக்கட்டும், அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இத்தாலிக்காரர் நூலைச் சுண்டினார். அமைதியாக ஒன்று சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?"

"காலைல நம்ம கூண்டுக்குள்ள இந்தச் சாமி கயிறு நெறைய பாத்தாராம்."

ஒரு தென்னமட்டை எங்கோ விழுந்தது. இது யார் கட்டிய முடிச்சு என்று அவர் கேட்டார். அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. மொழிபெயர்க்க வேண்டியும் இருக்கவில்லை.

"ஐ டை, சார்" என்றார் அண்ணன். முடிச்சுப் போடுவதுபோல் விரலைச் சுற்றிக் காட்டினார். "ரிஜெக்ட், சார். லேபிள், டீ ஸ்மெல்."

இத்தாலிக்காரர் லேபிளை மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார். சின்னப்பிள்ளை முகம் போய்விட்டது. பாட்டிலை இலைக்கு அப்பால் தள்ளி வைத்துவிட்டு, அட்டை எங்கே என்று கேட்டார். நான் சொல்வதற்குள் எம்.டி.யின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. போன கையை அப்புறம் திருப்ப முடியவில்லை. கசங்கிய அட்டையை வெளியே எடுத்தார்.

இத்தாலிக்காரர் அதை வாங்கி மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். தமிழ் தெரியாதவர், ஆனால் கோடுகள் தெரிந்தவர். மேல் கோட்டில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. கீழ்க் கோடு காலியாக இருந்தது. தன் பேனாவைத் திறந்து, அந்தக் காலிக் கோட்டின்மேல் விரலை வைத்து, எம்.டி.யிடம் நீட்டினார்.

எம்.டி. பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னிடம் மொழிபெயர்க்க எதுவுமே இல்லை. அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அவர் தோள் இறங்கியது. பின்பக்கம் திரும்பி, பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

"சாமி, உக்காருங்க. உங்களுக்கும் எலை போடச் சொல்றேனுங்க."

'ங்க' வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேசையில் கிடந்த அட்டையைத் தன் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டு, எம்.டி.யிடமே திரும்பத் தள்ளினார்.

"தேதி போடலீங்க" என்றார்.